கோல் பார்க்காத மேளக்காரர்

எங்கள் பதினொண்ணாம் நம்பர் பையன் போட்ட கோல் ஒன்றைக்கூட அந்த மனிதர் கண்ணால் பார்த்ததில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு ஆட்டத்தைத் தவறவிட்டவரில்லை. குவாந்தான், ஈப்போ, அலோர் ஸ்டார் என்று நான் பஸ் பிடித்து அனுப்பிய ஊருக்கெல்லாம் டிரைவருக்குப் பின் சீட்டில் உறுமியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். மழையில் நனைந்து, விரல் வெடித்து, விடாமல் அடித்தவர். ஆனால் ஆட்டம் தொடங்கி முடிகிற வரைக்கும் அவர் முதுகு திடலுக்கு, மூஞ்சி எங்களுக்கு.

மேளக்காரர் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவோம். பெயரை நான் எழுதமாட்டேன். எழுதினால் ரசிகர் மன்றத் தலைவன் அதையும் ஒரு பேனரில் போட்டு, பக்கத்தில் தன் படத்தை அதைவிடப் பெரிதாகப் போட்டுக்கொள்வான். அந்த ஆளுக்குப் பேனர் கட்டுகிறதுதான் தொழில், மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படிப்பு நாலாம் வகுப்பு. அதை நான் மறைத்ததில்லை. கியா பார்மில் முட்டைக்கோஸ் கூடை தூக்கி ஆரம்பித்தவன். இன்றைக்கு விடிந்ததும் கம்போங் ராஜாவிலிருந்து இறங்குகிற காய்கறி லோரிகளைப் பாருங்கள், எத்தனையில் என் பெயர் எழுதியிருக்கிறது என்று. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. அதனால் யாருக்கும் பயந்து எழுத வேண்டிய அவசியமும் எனக்கில்லை.

மேளக்காரருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்பு வேலை. கொழுந்தைக் காயவைக்கிற இயந்திரத்துக்கு விறகு போட்டுச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் மலைப் பனியில் மேளத்தோல் தொய்ந்து போகும். ஆட்டத்துக்குக் கிளம்பும் முன்னால் அவர் உறுமியை அந்த அடுப்பு வாசலில் காட்டுவார். குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டுகிற மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டி, கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சரி என்று பட்டால்தான் பஸ்ஸில் ஏறுவார். அதுவரை நான் ஹாரன் அடித்தாலும் சரி, கெட்ட வார்த்தையில் திட்டினாலும் சரி, காதில் விழாது.

"யோவ், பந்து விளையாட்டுக்குப் போறோமா, பொண்ணு பாக்கப் போறோமா?" என்று ஒருநாள் கத்தினேன்.

"குளிர்ந்த தோலை அடிச்சா பொய் சொல்லும் தவுக்கே" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அவர் வாயில் 'தவுக்கே' என்று வந்தால் எனக்கு எப்போதும் லேசாகக் குத்தும். மற்றவர்கள் முதலாளி என்ற மரியாதையில் சொல்வார்கள். அவர் சொன்னால், பழைய கோஸ் கூடையை எனக்கு நினைவுபடுத்துகிற மாதிரி இருக்கும்.

அவர் மேளக் குழுவில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். அவர்களெல்லாம் அடிக்கிற கையோடு கழுத்தைத் திருப்பித் திருப்பி ஆட்டத்தைப் பார்ப்பார்கள். இவர் மட்டும் திரும்பமாட்டார். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தால் மாடு முனகுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். பந்து எங்கள் பையன் காலுக்கு வந்துவிட்டது என்றால் அந்த முனகல் ஆரம்பிக்கும். அவன் ஓட ஓட ஏறும். அவன் அடிக்கிற நொடியில் நின்றுவிடும். பார்க்காத மனிதருக்கு எப்படித் தெரிந்தது?

"உங்க மூஞ்சியிலதான் தெரியுதே, அது போதாதா?" என்பார்.

கோலையெல்லாம் அவர் மூஞ்சியை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தார். நாங்கள் 'இடது காலால் மூலையில் அடிச்சது' என்போம். அவர், "அதுவா, பேனர்காரர் பக்கத்துச் சீட்டுச் சீனப் பாட்டியைக் கட்டிப் பிடிச்சாரே, அந்த கோல்" என்பார். என்னைப் பார்த்து, "தவுக்கே வாயைப் பொளந்து பல்செட் கழண்டு கையில புடிச்ச கோலும் ஒண்ணு இருக்கு" என்பார். டீக்கடையே சிரிக்கும். பல்செட் கழன்றது உண்மைதான். கீழே விழவிடாமல் பிடித்தேனே, அதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

ஈப்போவில் ஒரு தடவை பந்து வலைக்குள் போனது. நாங்கள் எல்லாம் குதிக்கிறோம். இவர் உறுமியை நிறுத்திவிட்டார். "அடிய்யா!" என்று தலைவன் கத்துகிறான். இவர் அசையவில்லை. அப்புறம்தான் பார்த்தோம், கோட்டோரம் நின்றவர் கொடியைத் தூக்கியிருந்தார், கோல் செல்லாது. எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, "பையனோட அம்மா சிரிக்கல" என்றார். அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் மகனைப் பார்ப்பதற்கு முன்னால் கொடிக்காரரைப் பார்த்துவிடுவாளாம். முப்பது வருஷம் கங்காணியின் கண்ணைப் பார்த்துக் கொழுந்து பறித்த பழக்கம் அது. எங்களுக்குத் தெரியாதது இவருக்குத் தெரிந்திருந்தது.

பையன் எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். தோட்டத்துத் திடலுக்கு மூன்று பக்கமும் தேயிலைச் சரிவு. பந்தை வெளியே அடித்தால் எவன் அடித்தானோ அவன் செடிக்குள் இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும், அட்டைக் கடியோடு. அவன் அதற்குப் பயந்தே பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளப் பழகினான். பிறகு பெரிய லீக்கில் அதைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான்தான் அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். இதைப் பல பேர் தாங்கள் என்று சொல்லித் திரிகிறார்கள். பொய்.

மேளக்காரரைப் பற்றி இன்னொன்று சொல்லிவிட்டுப் பிறகு அந்த அசிங்கத்துக்கு வருகிறேன். என் அப்பா செத்த அன்றைக்கு மேளத்துக்குச் சொல்லிவிட்டு வா என்று என் மேனேஜரை அனுப்பினேன். வெறுங்கையோடு திரும்பி வந்தான்.

"செத்தவருக்கு மகன் இருக்காருல்ல, அவரு வரட்டும்ங்கிறாரு முதலாளி."

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம். சாவு வீட்டில் நூறு வேலை. என்னை வரச் சொல்ல இவன் யார்? வண்டியை எடுத்துக்கொண்டு போய் லயத்து வாசலில் நின்று கத்தினேன். அவர் என்னைக் கத்தி முடிக்கவிட்டார். அப்புறம் என் மூஞ்சியையே பார்த்துவிட்டு, "இப்ப சரி. யாருக்காக அடிக்கிறேன்னு பாக்காம நான் எப்படி அடிக்கிறது?" என்று உறுமியை எடுத்தார். அன்றைக்கு அவர் அடித்த அடியில்தான் எனக்கு அழுகையே வந்தது. அதுவரை வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

செத்த வீட்டு ஆள் வாசலுக்கு வந்து மூஞ்சி காட்டாமல் சாவுமேளம் எடுக்கமாட்டார். துரையே செத்தாலும் அதுதான் சட்டம்.

இப்போது அந்த விஷயம். அரையிறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் எல்லார் போனிலும் ஒரே படம். எங்கள் பையன், கையில் விலங்கு, தலை குனிந்து, கோர்ட்டு வாசல். காரில் ஷாபு என்கிற போதைப்பொருள் வைத்திருந்தான் என்று குற்றச்சாட்டு. மத்தியானத்துக்குள் அவன் ஆடுகிற குழு அவனை ஆட்டத்திலிருந்து நிறுத்திவிட்டது. ஜாமீனில் வந்து தோட்டத்தில் அம்மா வீட்டுக்குள் போனவன், கதவைத் திறக்கவில்லை.

பிரிஞ்சாங் டவுன் பாய் கடையில் மன்றத்து ஆட்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். நானும் இருந்தேன்.

"எல்லாம் சதி லா. நாளைக்கு ஆட்டம், இன்னிக்குப் புடிக்கிறான்னா என்ன அர்த்தம்?" என்றான் ஒருவன்.

"சதியாவது சட்டியாவது. போன ஆட்டத்துல அவன் கண்ணைப் பாத்தியா நீ?" இது இன்னொருவன். போன ஆட்டம் முடிந்து அதே கண்ணோடு சேர்ந்து செல்பி எடுத்து, பெரிதாக அடித்து வீட்டில் மாட்டியவன்.

"என் மகனுக்கு அவன் பேரை வெச்சிட்டேனே. மாத்த முடியுமா இப்ப?"

கடைக்கார பாய் தே தாரேக் டீயை ஆற்றிக்கொண்டே, "பேரை மாத்துவே. புள்ளைக்கு உன் மூக்கு வந்திருக்கே, அதை என்ன செய்யப் போறே?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

என்னைக் கேட்டால், நானும் கொதித்துப் போய்த்தான் இருந்தேன். அந்தச் சனியனை எனக்குத் தெரியும். ஷாபு அடித்துவிட்டு ஓட்டிய டிரைவர் ஒருவன் சிம்பாங் பூலாய் ரோட்டில் என் லோரியைப் பள்ளத்தில் விட்டான். கூட இருந்தவன் இன்றைக்கும் கட்டிலில்தான் கிடக்கிறான். லோரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பையனின் படத்தை, செய்தி வந்த அன்றைக்கே என் கையால் கிழித்தேன். கிழித்தது சரிதான், இப்போதும் சொல்கிறேன். ஆனால் கிழித்துவிட்டு நான் அவன் அம்மா வீட்டு வாசலுக்குப் போகவில்லை. அதுதான் எனக்கும் இவன்களுக்கும் வித்தியாசம்.

மேளக்காரர் ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு மூஞ்சியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை கொஞ்சம் ஓய்ந்ததும் கேட்டார்: "பையனோட அம்மா, அந்தத் தங்கச்சியை யாராச்சும் போய்ப் பாத்தீங்களா?"

தலைவன் மட்டும், "பாக்கலாம், பாக்கலாம். ஞாயித்துக்கிழமை எல்லாருமாச் சேர்ந்து பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் மறுநாள் தெரிந்தது. மூங்கிலில் பாடை கட்டி, பதினொண்ணாம் நம்பர் ஜெர்சியை அதில் படுக்கவைத்து, மாலை போட்டு, திடலிலிருந்து அவன் அம்மா வீட்டு வாசல் வரைக்கும் சாவு ஊர்வலம் போவதாகத் திட்டம். முழுவதும் வீடியோ எடுத்துப் போட வேண்டும். 'எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற' என்று பேனர் வேறு. இவன்களுக்குப் பிள்ளைகள் மேல் அக்கறையா? இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே பையன் படத்துக்குப் பால் ஊற்றின கைகள்! கோல் போட்டபோது 'நம்ம பையன்', இப்போது 'அந்தத் தோட்டத்துப் பய'. ஒரே வாயில் இரண்டு நாக்கு.

மேளத்துக்கு அவரிடம்தான் போனார்கள். சாவுக்கும் அவர்தான், கோலுக்கும் அவர்தானே. நடுவில் இருக்கிற நல்லது எதற்கும் அவரை உட்காரச் சொல்லி ஒரு காப்பி கொடுத்தவன் அந்தக் கூட்டத்தில் கிடையாது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. என் அப்பாவுக்கு வர என்னை வாசலில் நிற்கவைத்த ஆள், இந்த நாய்களுக்கு மட்டும் ஆள் அனுப்பினால் வருவாரா? தொழிற்சாலைக்கே போய்க் கேட்டேன்.

"என்னண்ணே, சட்டமெல்லாம் எனக்கு மட்டும்தானா?"

அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை வாங்க தவுக்கே" என்றார். அவ்வளவுதான். உறுமியை அவர் அடுப்பு வாசலில் காட்டவில்லை, சுவரில் மாட்டியே கிடந்தது. அதைக் கவனித்தேன், அர்த்தம் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் பனி விலகிவிட்டது. ஐம்பது அறுபது பேர். பாதிப் பேர் கையைத் தூக்கிப் போனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் பாடை, அதற்கும் முன்னால் மேளக்காரர். திடலிலிருந்து லயம் வரைக்கும் அவர் ஒரு அடி அடிக்கவில்லை. "வாசல்ல போய் ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நான் என் வண்டியை லயத்து முனையில் நிறுத்திவிட்டு இறங்கி நின்றேன்.

கதவு திறந்திருந்தது. பையன் உள்ளே இருந்தான், வெளியே தெரியவில்லை. அம்மா நிலைப்படியில் நின்றாள். ஒரு கை கதவில், இன்னொரு கையில் பாதி தேய்த்த வெள்ளைச் சட்டை. அவள் ஓடி உள்ளே போய்த் தாழ் போட்டிருக்கலாம். போடவில்லை. கங்காணியைப் பார்க்கிற அதே கண்ணோடு கூட்டத்தைப் பார்த்தாள்.

மேளக்காரர் வாசலுக்குப் போனார். திரும்பினார். ஸ்டேடியத்தில் நிற்கிற மாதிரியே நின்றார். முதுகு வீட்டுக்கு, மூஞ்சி கூட்டத்துக்கு.

"அடிங்கண்ணே, வீடியோ ஓடுது" என்றான் தலைவன்.

"அடிக்கிறேன். செத்த வீட்டுக்காரங்க யாரு? முன்னால வாங்க, மூஞ்சியைப் பாக்கணும்."

"விளையாடாதீங்க. அது சும்மா ஒரு இதுக்கு..."

"சும்மா யாரும் சாவறதில்ல." ஒருவனைக் கை நீட்டிக் காட்டினார். "நீ. அலோர் ஸ்டார்ல மழையில நின்னு அழுதியே. அந்த மூஞ்சி எனக்குத் தெரியும். நீ, அப்பாவைத் தோள்ல தூக்கிட்டு ஆடினே. அவரு கீழ விழுந்து, அப்பவும் சிரிச்சாரு. பேனர்காரரே, நீங்க சீனப் பாட்டியைக் கட்டிப் புடிச்சீங்க. உங்க எல்லார் மூஞ்சியும் நான் பாத்திருக்கேன். கோல் பாக்காம உங்களைத்தான் பாத்துட்டு நின்னேன் இத்தனை வருஷமா. இன்னிக்கு நிக்கிற இந்த மூஞ்சியை மட்டும் நான் பாத்ததே இல்ல. இது யாருடைய மூஞ்சிடா?"

போன் பிடித்த கைகள் சில இறங்கின. சில இறங்கவில்லை.

அவர் திரும்பாமலே பின்னால் கேட்டார்: "தங்கச்சி, உன் வீட்டுல சாவா? அடிக்கவா?"

அந்தப் பெண் சொன்னாள்: "என் மகன் செத்தா நானே உங்க வாசலுக்கு வந்து கூப்பிடுறேண்ணே. இப்ப நாளைக்குக் கோர்ட்டுக்குச் சட்டை தேய்ச்சிட்டிருக்கேன். செஞ்சிருந்தா ஜெயிலுக்குப் போவான். நான் சோறு கொண்டு போவேன். இவங்களுக்கு என்ன வேணுமாம்?"

"கேட்டுச்சா? சாவு இல்லையாம்" என்றார் மேளக்காரர்.

கூட்டம் கலைந்திருக்க வேண்டும். கதையாக இருந்தால் கலைந்திருக்கும். எவனோ ஒருவன், நேற்று மீசை முளைத்தவன், இடுப்பில் வைத்திருந்த கோஸ் வெட்டுகிற கத்தியை எடுத்து உறுமித் தோலில் ஒரே குத்து. கிழிந்த சத்தம் எனக்கு லயத்து முனை வரைக்கும் கேட்டது. மேளக்காரர் குச்சியைத் தூக்கவில்லை, கையை ஓங்கவில்லை. அவன் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சும்மா நிற்பேனா? வண்டியிலிருந்து இரும்பு ஜாக்கி கம்பியை எடுத்துக்கொண்டு வந்தேன். எழுபது வயசு எனக்கு. ஆனாலும் கூட்டம் ஓடியது. பாடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினான்கள். அந்தப் பெண் அதிலிருந்து ஜெர்சியை எடுத்து, மாலையை உருவிப் போட்டுவிட்டு, துவைக்கிற வாளியில் முக்கினாள்.

பையன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஆமாம், அவனுடையதுதானாம். ஜெயிலுக்குப் போனான். அன்றைக்குப் பாய் கடையில் தலைவன் என் மேசைக்கே வந்து, "இப்ப என்ன சொல்றீங்க தவுக்கே? நாங்கதானே சரி?" என்றான். தே தாரேக் கிளாஸை அவன் காலடியில் உடைத்தேன். பாய் விளக்குமாறை எடுத்து அவன் கையில் கொடுத்தார். பையன் செய்தது தப்புதான். அது கோர்ட்டுக்கும் அவனுக்கும். பாடை கட்டினது யாருடைய தப்பு? அதற்கு எந்தக் கோர்ட்டு?

மேளக்காரரை அதற்குப் பிறகு யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. கல்யாணத்துக்கு மலைக்குக் கீழே இருந்து மேளக் குழு வரவழைத்தார்கள், சாவுக்குக்கூட. அவர் குழுவிலிருந்த நாலு பேரும் தலைவன் பக்கம் போய்விட்டார்கள். புது உறுமி வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் கோபம் எனக்கு அவர் மேல் இன்னும் இருக்கிறது. பழையதற்கே தானே தோல் மாட்டினார். சரியாக வரவில்லை, எத்தனை சூடு காட்டினாலும் தொய்வு தெரிந்தது. வேலையில் ஓய்வு கொடுத்ததும் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுக் கிள்ளானில் மகள் வீட்டுக்குப் போனார். தோட்டத்துக்கு உழைத்தவனுக்குத் தோட்டம் தருகிற மரியாதை அவ்வளவுதான். போவதற்கு முந்தின வாரம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

பையன் வெளியே வந்திருந்தான். உடம்பு ஊதி, முடி கொட்டி. தோட்டத்துக் குழுவுக்கு ஆடுகிறேன் என்று கேட்டானாம். எதிரே லெம்பா பெர்த்தாம் காய்கறித் தோட்டத்து ஆட்கள். சாயங்காலம் திடலுக்குப் போனேன். ரசிகர் மன்றம் என்று ஒரு பூனைகூட இல்லை. அவன் அம்மா, நான், தேநீர் விற்க வந்து விற்காமல் நிற்கிற ஒருவன். அப்புறம் மேளக்காரர், தொய்ந்த உறுமியோடு.

வழக்கம்போல் கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். எதிரே பார்த்தார். எங்கள் மூணு பேரைத் தவிர பார்க்க மூஞ்சிகள் இல்லை. வெறும் தேயிலைச் சரிவு. அப்புறம் மெதுவாகத் திரும்பினார், திடலைப் பார்த்து.

நான் போய் அவருக்கு முன்னால், கோட்டின் மேல், திடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். அவர் மூஞ்சியைப் பார்த்தேன்.

பந்து பையனுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது. மேளக்காரர் புருவம் ஏறியது. குச்சி தோலில் முனக ஆரம்பித்தது. ஒருவனைத் தாண்டிவிட்டான். இன்னொருவனை. மனிதருடைய கீழ் உதடு தொங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. வெற்றிலைச் சாறு வழிந்ததுகூடத் தெரியவில்லை அவருக்கு. சட்டென்று முனகல் நின்றது. வாய் முழுக்கத் திறந்தது.

"ச்சே!" என்று தொடையில் அடித்துக்கொண்டார்.

"போகலையாண்ணே?"

"கம்பத்துல பட்டுடுச்சு தவுக்கே. பந்து செடிக்குள்ள போயிடுச்சு. அவனேதான் எடுக்க இறங்குறான்."

சொல்லிவிட்டு உறுமியைத் தூக்கிப் பிடித்து அடிக்க ஆரம்பித்தார். கோல் விழுந்தால் அடிக்கிற அடி. தொய்ந்த தோல், பாதிச் சத்தம்தான் வந்தது.

"கோல் இல்லையே, எதுக்குய்யா அடிக்கிற?" என்று கத்தினேன்.

"ஆடுறானே, அது போதாதா?" என்றார். என்னைப் பார்க்கவில்லை. கண்ணைத் திடலிலிருந்து எடுக்கவே இல்லை.